இரண்டாவது பட்டன்

அன்புள்ள என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி, இரண்டு தையல் மெஷின் எல்லாரும் சுகம், அதில் மெஷின்கள் மட்டும்தான் முழு சுகம், மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன், அதனால் என்னைப் பொய்க்காரி ஆக்காமல் நன்றாக இரு. முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டுமானால் இங்கேயே சிரித்து முடித்துவிடு, பின்னால் இடம் கிடைக்காது. போன லீவுக்கு வந்தபோது உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு, நீங்களும் கட்டாயம் பார்க்கணும் என்று எங்களுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாயே, அதை நாங்கள் பாதிதான் பார்த்தோம். தூங்கவில்லை, சண்டை போட்டுக்கொண்டு எழுந்து வரவில்லை, படம் முடிந்துவிட்டது என்று நினைத்து வந்துவிட்டோம். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அந்த வாத்தியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்களா, பாட்டு உச்சத்துக்குப் போனதா, நான் அழுத அழுகையில் முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து அவருடைய கைக்குட்டையையே நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. திரையில் ஏதோ இங்கிலீஷில் போட்டான். எல்லாரும் எழுந்து போய்ப் பொரி வாங்கினார்கள், வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டே, இந்தக் காலத்துல படமெல்லாம் இப்படித்தான் சுருக்கமா முடிச்சிடறாங்க, நல்லதுதான் என்றார். கதவுக்காரப் பையன் வேறு, கிளம்பிட்டீங்களா என்று கேட்டான், ஆமாம்ப்பா ரொம்ப நல்லா இருந்துச்சு என்று அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன், ஏதோ அவனே எடுத்த படம் மாதிரி. உன்னிடம் போனில் முடிவு அருமை என்று சொன்னேன், நீயும் ஆமாம்மா அந்த முடிவுலதான் உயிரே இருக்கு என்றாய். இரண்டு பேரும் வேறு வேறு முடிவைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறோம்.

தம்பி ஏன் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் ஏன் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறான், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டு எழுதியிருந்தாய். நீ ஒன்றும் செய்யவில்லை கண்ணு. இதைப் போனில் சொல்ல முடியாது, நம் வீடு உனக்குத் தெரியாததா, முன்னால் கடை, பின்னால் நாங்கள், நடுவில் ஒரு திரைத்துணி, நான் தும்மினால் அவன் நூறு ஆயுசு சொல்லுகிற தூரம்தான். இப்போது கூட அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துகிறான். நான் அளவு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நாலாம் வகுப்போடு மூட்டை கட்டியவளின் எழுத்து இப்படித்தான் இருக்கும், தையல் நேராக இருக்கிறது என்று ஊரே சொல்லுகிறது, அது போதும்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படத்தில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது பிள்ளைகள் உள்ளேன் ஐயா என்று சொல்லக் கூடாது, அன்றைக்கு அவரவர் மனசில் எது இருக்கிறதோ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லணும் என்பாரே, உன்னை மாதிரி இந்த உலகத்தில் இன்னொரு ஆள் கிடையாது, அப்புறம் ஏன் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்றீங்க என்று கேட்பாரே, அதை அப்படியே இவன் தன் வகுப்பில் ஆரம்பித்தான். தினமும் சாயங்காலம் வந்து கதை கதையாகச் சொல்லுவான். உயரமான ஒரு பையன் எழுந்து புயல் என்பானாம், ஒருத்தன் பசி, ஒருத்தி கடல், ஒருத்தன் கழுத்துவலி, அவன் கடைசி வரைக்கும் கழுத்துவலி தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு சின்னப் பெண் மட்டும் தினமும் உள்ளேன் ஐயா என்றே சொன்னாளாம், ஏம்மா நீ மட்டும் இப்படி என்று இவன் கேட்டதற்கு, எனக்கு அதுதான் சார் தோணுது என்றாளாம். அதைச் சொல்லும்போது உன் தம்பி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பாத்தியாம்மா, அதுகூட அவளோடதுதான், யாரையும் பார்த்து அவ சொல்லலை என்று சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். உப்பு குறைந்தால் ஒரு பிரசங்கம், ரேடியோ சத்தமாக இருந்தால் ஒரு பிரசங்கம், நான் அவனை வாத்தி வாத்தி என்று கிண்டல் செய்தால் அதற்குத் தனிப் பிரசங்கம், வீடு கலகலவென்று இருந்தது. அத்தை வந்தபோது, என்ன அண்ணி இவன் இப்படிக் கத்தறான் என்று கேட்டாள், சம்பளம் இல்லாம நமக்கும் வகுப்பு எடுக்கறான், கேட்டுக்கோ என்றேன்.

அதற்குப் பிறகுதான் பட்டன். அவன் வேலை செய்கிற பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைப்பது நாம்தான் என்பது உனக்குத் தெரியும். நாலு சைஸ் அட்டை, துணியை அடுக்கடுக்காகப் போட்டு உன் அப்பா ஒரே வெட்டாக வெட்டுவார், நான் மூட்டுவேன், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன். ஒன்றைத் தைத்தால் எல்லாவற்றையும் தைத்த மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இவன் ஒரு நாள் வந்து என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா என் வகுப்புப் பிள்ளைங்க சட்டையில மட்டும் மேலேயிருந்து இரண்டாவது பட்டன், அவங்கவங்க கொண்டு வர்ற பட்டனா இருக்கட்டும், மத்ததெல்லாம் பள்ளிக்கூடத்து வெள்ளைதான், ஒண்ணே ஒண்ணு அவங்களோடதா இருக்கட்டும் என்றான். உன் அப்பா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அதுக்குப் பேர் யூனிஃபார்ம் இல்லடா என்றார். நான்தான், ஒரு பட்டன்தானே, விடுங்க, அந்தப் படத்துல அவரை எப்படித் தூக்கிக்கிட்டு ஓடினாங்க பாத்தீங்கல்ல என்றேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். உள்ளங்கையில் பொத்தி வைத்துக் கொண்டு வந்து திறந்து காட்டுவார்கள், தங்கக் கலர், கறுப்பு, மீன் மாதிரி ஒன்று, பழைய கோட்டிலிருந்து பிய்த்தது ஒன்று, கோட்டுக்காரருக்கு அது தெரியுமோ தெரியாதோ. அந்தச் சின்னப் பெண் கொண்டு வந்தது வெள்ளை. இது பள்ளிக்கூடத்து பட்டன் மாதிரியேதானேம்மா இருக்கு, எதுக்குத் தனியா கொண்டு வந்தே என்றேன், பரவாயில்ல டெய்லரம்மா இதையே வைங்க என்றாள். வைத்தேன். அந்த வாரம் போல நான் சந்தோஷமாக வேலை செய்ததே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியவில்லை, ஒவ்வொரு சட்டைக்கும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நிர்வாகக் குழுவிலிருந்து நாலைந்து பெரிய மனிதர்கள் பார்வைக்கு வந்திருக்கிறார்கள், காலையில் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கும்போது இந்த ஒரு வகுப்பு மட்டும் மின்னியிருக்கிறது. அதில் ஒருவர், இது என்ன சார் பொம்மைக் கடையா என்று கேட்டாராம். அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் என்னையும் உன் தம்பியையும் கூப்பிட்டு அனுப்பினார். சட்டை உடம்பில் மடங்காமல் விறைப்பாக நடப்பதால் நான் அவருக்குக் கஞ்சி என்று பேர் வைத்திருக்கிறேன், நீ வேறு யாரிடமும் சொல்லாதே. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், எனக்கு நாற்காலி போட்டார். சத்தம் போடவே இல்லை. சார், ஒரு வீட்டுல தங்கக் கலர் பட்டன் வரும், ஒரு வீட்டுல பழைய துணியில பிச்சது வரும், அது யார் கண்ணுக்கும் தெரியாம இருக்கத்தான் எல்லாருக்கும் ஒரே சட்டை போடறோம், நீங்க சினிமாவைப் பார்த்துட்டு அதையே பிரிச்சுக் காட்டிட்டீங்க என்றார். அந்தக் கோட்டுப் பட்டன் பிள்ளை, மீன் பட்டன் பிள்ளையின் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தீர்ப்பும் அவரே சொன்னார். இவன் இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், தைத்த கையே வந்து வகுப்பில் வைத்தே அத்தனை பட்டனையும் எடுத்துவிட்டு வெள்ளை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகாது, நமக்கு அடுத்த வருஷ யூனிஃபார்ம் கிடையாது. மறுநாளே வரச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் இவன் சட்டை கூட மாற்றாமல் கடை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தேற்றலாம் என்று நான்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விடுடா வாத்தி, அந்தப் படத்துல தோள் மேல தூக்கிட்டுப் போனாங்களே, உன்னையும் ஒரு நாள் தூக்குவாங்க, நீ கொஞ்சம் உடம்பைக் குறைச்சுக்கோ, சின்னப் பிள்ளைங்க பாவம் என்றேன். அப்புறம் என்றான். அப்புறம் என்ன, லைட்டைப் போட்டாங்க, நாங்க வந்துட்டோம் என்றேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான், பிறகு சிரிக்க ஆரம்பித்தான் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அம்மா அது இடைவேளைம்மா, அம்மா அது இடைவேளை என்று. உள்ளேயிருந்து உன் அப்பா, அப்ப அந்த டிக்கெட் முழுசுக்கு உள்ளதா என்றார். நானும் சிரித்தேன். அவன் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிறகு மீதிப் பாதியை அவனே சொன்னான். நீ பார்த்ததுதான், அவன் சொன்னபடி எழுதுகிறேன். அந்த வாத்தியாரை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்களாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசல் வரைக்கும் போய்விடுகிறார். வகுப்பில் புது வாத்தியார் பேர் கூப்பிடுகிறார், முதல் பிள்ளை எழுந்து உள்ளேன் ஐயா சொல்லாமல் தன்னுடைய வார்த்தையைச் சொல்லுகிறது, புது வாத்தியார் அதட்டுகிறார், அடுத்த பிள்ளையும் தன் வார்த்தையைச் சொல்லுகிறது, அடுத்ததும், அடுத்ததும், வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் கேட்கிறதாம். சொல்லும்போது இவன் குரலே மாறிப்போனது, ஒவ்வொரு வார்த்தையையும் அந்தந்தப் பிள்ளையின் குரலில் சொன்னான். அப்புறம் அந்த வாத்தியாருக்கு வேற வேலை கிடைச்சுதாடா என்று கேட்டேன். தெரியாதும்மா, படம் முடிஞ்சிடுது என்றான். உன் அப்பா அதற்குள் வெளியே வந்து நின்றார், அந்த ஆளுக்குப் படத்துல அம்மா அப்பா இருக்காங்களா என்று கேட்டார். இவன் யோசித்துப் பார்த்து, இல்லப்பா காட்டலை என்றான். அதான், என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் அது வரைக்கும் தோணவில்லை, நான் பார்த்த பாதி முழுக்க அவர் அவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறாரே, யார் துவைத்துப் போட்டார்கள். இவன் எழுந்து அப்போதுதான் சட்டை மாற்றப் போனான். ஆனால் நான் தாய், எனக்குத் தெரியும், மறுநாள் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை மாட்டேன் என்று சொல்லும் என்று அவன் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு பிள்ளை போதும் அவனுக்கு. உனக்கு மட்டும் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு ஊசியை எடுத்து வைத்தேன்.

வகுப்பில் எனக்கு மேஜையை ஒட்டி இடம் போட்டிருந்தார்கள். கஞ்சி ஜன்னல் பக்கம், உன் தம்பி கதவுப் பக்கம். பிள்ளைகள் வரிசையில் வர வேண்டும், சட்டையைக் கழற்றாமல் உடம்போடு வைத்தே நான் பிரித்துவிட்டு வெள்ளை பட்டன் தைக்க வேண்டும், குத்திவிடாமல் நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு துண்டு அட்டையை வைத்துக்கொண்டேன். முதல் ஆளாக வந்தது புயல். இவன்தான் மாட்டேன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கழுத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு, சீக்கிரம் டெய்லரம்மா, அடுத்தது விளையாட்டு பீரியட் என்றான். நான் வேண்டுமென்றே நூலைக் கோக்கத் தாமதம் செய்தேன், நூல் நுனியை எச்சில் பண்ணினேன், கண் தெரியவில்லை என்றேன். ஒரு பெண் பிள்ளை என் மேல் இரக்கப்பட்டு, குடுங்க நான் கோத்துத் தர்றேன் என்று ஊசியை வாங்கி வரிசையாகக் கோத்துக் கொடுத்தது, என்னுடைய தாமதம் எல்லாம் அதோடு போயிற்று. பிள்ளைகள் அழவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பிரித்த பட்டனை டப்பாவில் போடச் சொன்னார் கஞ்சி, சிலர் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டு ஓடினார்கள். மீன் பட்டன் பிள்ளை, சார் இதை நான் வீட்டுக்குக் கொண்டு போலாமா என்று கேட்டது, நானும் உன் தம்பியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம், அது என் அக்கா சட்டையோடது, அடிப்பா என்றது. கழுத்துவலிப் பையன் கழுத்துவலி என்றான். ஒருவரும் ஒன்றும் தப்பு செய்யவில்லை கண்ணு, நீ அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே, பிள்ளைகளுக்கு விளையாட்டு பீரியட் வேண்டும், அவ்வளவுதான். நான் உன் தம்பியைப் பார்க்காமலேயே தைத்தேன். பார்க்காமல் இருந்தும் அவன் எப்படி நின்றான் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் அந்தச் சின்னப் பெண் வந்தாள். கஞ்சி எட்டிப் பார்த்துவிட்டு, வெரி குட், இந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் புத்தி இருந்திருக்கு, முதல்லேயே வெள்ளை, நீ போம்மா என்றார். அவள் போகவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, என்னோடதையும் பிரிக்கணுமா என்றாள். உன்னோடது வெள்ளைதானேம்மா என்றேன். இது வேற வெள்ளை என்றாள். நான் விரலால் திருப்பிப் பார்த்தேன். நிஜம்தான், பள்ளிக்கூடத்து பட்டன் சுண்ணாம்பு வெள்ளை, இது கொஞ்சம் பால் மாதிரி, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும். நான் ஊசியைத் துணியில் குத்துகிற மாதிரி பாவனை செய்து, நூலை அறுக்கிற மாதிரி பல்லைக் காட்டிவிட்டு, போ என்று அனுப்பிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படத்தில் வந்த மாதிரி இல்லைதான், தோளில் தூக்கவும் இல்லை, ஜன்னல் வழியாக ஒன்றும் கேட்கவும் இல்லை, ஆனால் ஒன்று இருக்கிறதே. இதை அவனுக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டேய் ஒருத்தியோடதை நான் மாத்தலைடா, அந்த உள்ளேன் ஐயா பொண்ணு, அவளோட பட்டன் வேற வெள்ளை, அவளே வந்து கேட்டா, அப்படியே விட்டுட்டேன் என்றேன். அவன் நின்றான். அவன் முகம் மலரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாருக்கும் தெரியாதுல்ல என்றான். தெரியாது, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாதான் தெரியும் என்றேன். சாருக்கு என்றான். அவருக்கும் தெரியாது என்றேன். அப்ப சரி என்று சொல்லிவிட்டு நடந்தான். நான் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிய பிறகுதான் நகர்ந்தேன். நான் பார்த்தது அரைப் படம், அவன் பார்த்தது முழுப் படம், நடந்தது இரண்டிலும் இல்லை.

இப்போது அவன் வகுப்பில் உள்ளேன் ஐயாதான். குறிப்பு சொல்லி எழுத வைக்கிறான், எழுதியதை மனப்பாடம் செய்யச் சொல்கிறான், கமா தவறினால் கூட மார்க்கு குறைக்கிறான். பிள்ளைகளுக்கு இவனை முன்னைவிடப் பிடித்திருக்கிறதாம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெற்றோர்கள் கடைக்கு வந்து, உங்க பையன் இப்பதான் நல்லா நடத்தறார், எங்க பிள்ளை மார்க் வாங்குது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வேலையும் நிரந்தரமாகிவிட்டது. கஞ்சி நம்மை மறக்கவில்லை, அடுத்த வருஷ யூனிஃபார்மும் நமக்குத்தான், துணி வந்து இறங்கிவிட்டது. நீ நினைப்பாய், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, அம்மா ஏன் மூக்கைச் சிந்துகிறாள் என்று. வீட்டில் அவன் எதற்குமே சண்டை போடுவதில்லை கண்ணு. வேண்டுமென்றே உப்பே போடாமல் ஒரு நாள் வைத்தேன், சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான், உன் அப்பாதான் கத்தினார். வாத்தி என்று கூப்பிட்டால் சரிம்மா என்கிறான். அத்தை பெண் பார்க்கிறேன் என்கிறாள், எந்தப் பெண்ணுடா வேணும் என்றால் உங்களுக்கு எது சரின்னு படுதோ என்கிறான். இவ்வளவு அடக்கமான பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், எனக்கு இப்படி ஒரு பிள்ளையைப் பழக்கமில்லை. அந்தச் சின்னப் பெண் போன வாரம் கடைக்கு வந்தாள், அந்த பட்டன் துவைக்கும்போது எங்கேயோ விழுந்துவிட்டதாம். பெட்டியில் தேடிப் பார்த்தேன், அந்த வெள்ளை இல்லை. பள்ளிக்கூடத்து வெள்ளையே வைத்துக் கொடுத்தேன். பரவாயில்ல டெய்லரம்மா என்றாள். இதை உன் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்ப சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

உன்னால் அல்ல என்று முதலில் எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன், நீ ஆசையாகத்தான் கூட்டிக்கொண்டு போனாய். ஆனால் இனி அவனிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசாதே, நீ நீயாக இருடா என்று மெசேஜ் எல்லாம் அனுப்பாதே, அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைக்கிறான், நான் பார்த்தேன். முடிந்தால் அவனோடு சண்டை போடு. சின்ன வயதில் அவன் பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடுவாயே, அந்த மாதிரி ஏதாவது செய். நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, நான் உப்பில் முயற்சி செய்து தோற்றவள், இருந்தாலும் நீ படித்தவள், உனக்கு வேறு ஏதாவது தோன்றலாம். அவனிடமிருந்து கோபத்தைத் தவிர வேறு எது கிடைத்தாலும் அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் அப்பா, போகப் போகச் சரியாயிடும் என்கிறார், அவருடைய முழங்காலைப் பற்றியும் பத்து வருஷமாக அதையேதான் சொல்கிறார்.

நீ குளிரில் காலுறை போடாமல் திரிகிறாய் என்று உன் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, முகத்தில் சிரிப்பு இருந்தால் நான் காலைப் பார்க்க மாட்டேன் என்று நினைத்தாயா. உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணின் பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்காதே, ஒரு தடவை கழுவினால் அது உன் வேலை ஆகிவிடும். நீ நீண்ட ஆயுசோடும், நல்ல பசியோடும், கொஞ்சம் வாய்த்துடுக்கோடும் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் உன்னை வாழ்த்துகிறோம், அந்த மூன்றாவதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதே. இதற்குப் பதில் எழுதும்போது உறையில் என் பேரை மட்டும் எழுது, தம்பி பேரைச் சேர்த்து எழுதாதே. அவன் முன்னெல்லாம் என் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டு அதற்கும் ஒரு பிரசங்கம் செய்வான், இப்போது பேர் இருந்தால்தான் தொடுகிறான்.

உன்னைப் பெற்று வளர்த்து, இப்போது தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற
அம்மா

இன்னொன்று எழுத விட்டுப்போயிற்று. வேலை நிரந்தரமானதற்காக ஆண்டு விழாவில் உன் தம்பியை மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நானும் அப்பாவும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மைக் வேலை செய்யவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசினான், வாய் அசைவது தெரிந்தது, ஒரு தடவை கையைக் கூடத் தூக்கினான். கஞ்சி கை தட்டினார், எல்லாரும் தட்டினார்கள், நாங்களும் தட்டினோம். வெளியே வந்ததும் என்னடா பேசினே என்று கேட்டேன். மைக் வேலை செய்யலைன்னு சொன்னேம்மா என்றான்.